வாங்காத துணிக்கு வந்த கடன் கடிதம்

கேள்வி: எனக்கு 67 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் தனியாக இருக்கிறேன். நான் கணக்கே வைத்திராத துணிக்கடைக்கு 8,400 ரேண்ட் பாக்கி என்று வசூல்காரரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. 3,500 ரேண்ட் கொடுத்தால் என் பெயரைச் சுத்தம் செய்து தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? வீட்டுக்கு வந்து போவது தங்கை மகன் மட்டும்தான்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா, ஒரு ரேண்ட் கூட. அந்த ஆள் செய்யப்போவது முழுக்க நீங்களே காசில்லாமல் செய்யக்கூடிய வேலை. அதற்கு அவர் உங்கள் ஐடி நகல், வங்கி விவரம், கையெழுத்து எல்லாம் கேட்பார். ஏற்கெனவே ஒருவனிடம் போனது போதாதா?

வசூல்காரர் போன் செய்து, "இப்போதைக்கு 200 கட்டுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்பார். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். "இந்தக் கணக்கு என்னுடையதல்ல, கணக்குத் திறந்த விண்ணப்பத்தின் நகலை அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். அதிலுள்ள கையெழுத்தும் போன் நம்பரும்தான் உங்களுக்குச் சாட்சி.

அடுத்து போலீஸ் நிலையம். மோசடிப் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்கள். அஃபிடவிட்டும், அதாவது சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலமும், அங்கேயே இலவசம். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். "இது பேங்க் விஷயம்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நான் ஒருவருக்குத் துணையாகப் போய் மூன்று மணி நேரம் நின்றபின், ஸ்டாம்ப் மை காய்ந்துவிட்டது என்றார்கள்! நீங்கள் இடத்தை விட்டு நகராதீர்கள்.

கேஸ் நம்பர் கிடைத்ததும் சதர்ன் ஆஃப்ரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள் (உங்கள் ஐடியில் யாராவது கடன் கேட்டால் கவனமாகப் பார்க்கும்படி கடன் கொடுப்பவர்களை எச்சரிக்கும் பதிவு), கட்டணம் கிடையாது. யார் பெயரில் என்ன கடன் என்று பதிவு வைத்திருக்கும் டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் போன்ற கிரெடிட் பீரோக்கள் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். தெரியாத கணக்கு இருந்தால் மறுத்து எழுதுங்கள். 20 வேலை நாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்பது விதி. இழுத்தடித்தால், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் இருக்கிறது, அதுவும் இலவசம்.

சரி, தங்கை மகன். நீங்களே ஐடியைக் கொடுத்து "என் பெயரில் வாங்கிக்கோ" என்று சொல்லியிருந்தால் அது திருட்டில்லை, கடன் உங்களுடையதுதான். கேட்காமல் எடுத்திருந்தால்தான் திருட்டு. ஒருவேளை போன் வாங்க நீங்கள் கொடுத்த ஐடி நகலை வைத்தே அவன் துணிக்கடையிலும் கணக்குத் திறந்திருந்தால்? போன் கடன் உங்களுடையது, துணிக் கணக்கு அவன் செய்த மோசடி. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். அவன்தான் என்று தெரிந்தும் "யாரோ" என்று சத்தியம் செய்தால் பொய்ச் சத்தியக் குற்றம் உங்கள் தலையில் விழும். தங்கை கோபித்துக்கொள்வாள் என்பது போலீசுக்குப் பதிலாகாது.

ஏஜென்ட்டிடம் ஐடி நகல் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. கொடுத்திருந்தால், கொடுத்த தேதியோடு அதையும் அஃபிடவிட்டில் சேர்த்துவிடுங்கள்.