அம்மா சாப்பிடாத மருந்துக்கும் கிருமி எப்படிக் கட்டுப்படாமல் போகும்?

சேலத்தில் ஒரு லேபில் கல்ச்சர் பார்ப்பது, அதாவது கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பது என் வேலை. உங்கள் அம்மாவின் சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட்டில், அவர் தொட்டே பார்க்காத மருந்துகளுக்கு நேராகவும் 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது கிருமி கட்டுப்படாது) என்று போட்டிருக்கிறது, அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். போன மாதம் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த ஓர் அம்மாவும் இதையேதான் கேட்டார். "நான் அந்த ஊசியெல்லாம் போட்டதே இல்லையே சார்" என்றார். பொய் இல்லை.

அவருடைய கிருமியை வளர்த்த தட்டைச் சொல்கிறேன். தட்டு முழுக்கக் கிருமியைத் தடவி, மேலே மருந்து தோய்ந்த சின்ன வில்லைகளை வைத்து, ஓர் இரவு 35 டிகிரியில் விடுவோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். அதை ஸ்கேல் வைத்து அளப்போம். அவர் தட்டில் கோட்ரைமாக்சசோல், ஆம்பிசிலின், செஃபோடாக்சைம், ஜென்டாமைசின் நான்கிலும் வட்டமே இல்லை. வில்லையின் விளிம்பு வரைக்கும் ஈ.கோலை என்ற அந்தக் கிருமி பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. நான்கில் அவர் சாப்பிட்டது கோட்ரைமாக்சசோல் மட்டும்தான், அதுவும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மூன்று நாள் மாத்திரை.

மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழகுவது கிருமி. அதுவும் தானாகப் பழக வேண்டும் என்றில்லை, பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கிருமியின் பெரிய டி.என்.ஏ.வைத் தவிர, பிளாஸ்மிட் என்ற சின்ன வளையம் தனியாக உள்ளே இருக்கும். சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருந்தையும் முறிக்கிற மரபணு ஒரு சாவி. ஒரு கிருமி இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு அந்த வளையத்தின் நகலை அனுப்பிவிடும். கொடுத்ததற்கும் ஒன்றும் குறையாது. கிளெப்சியெல்லா என்ற இன்னொரு கிருமியிடமிருந்து ஈ.கோலைக்குப் போவது போல இனம் விட்டு இனமும் போகும். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் அங்கே இது சுலபம்.

அப்புறம், சாவிகளும் கொத்து விட்டுக் கொத்து தாவும். தாவும் மரபணுக்களை முதலில் மக்காச்சோளத்தில்தான் பார்பரா மெக்ளின்டாக் கண்டுபிடித்தார், நம் ஆத்தூர்ப் பக்கம் விளைகிற அதே மக்காச்சோளம். 1983-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இப்படித் தாவித் தாவி ஒரே வளையத்தில் நாலைந்து சாவி சேர்ந்துவிடும். அந்த நிலையில் ஒரு மருந்தைக் கொடுத்தால், அதற்குச் சாவி வைத்திருக்கிற கிருமி பிழைக்கும். கூடவே கொத்தும் முழுசாகப் பிழைக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். 1950-களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமி நான்கு மருந்துகளுக்கு ஒரே சமயத்தில் கட்டுப்படாமல் போனதை ஆராய்ந்தபோதுதான், எதிர்ப்பு இப்படிக் கைமாறுகிறது என்பது 1959-ல் தெளிவானது.

கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினுக்கும் 2015-ல் பிளாஸ்மிட்டில் ஒரு சாவி கிடைத்தது. கோழி, கால்நடைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் இந்தியா தடை போட்டது. ரொம்பச் சரியான முடிவு.

ஏற்காட்டு அம்மாவுக்கு நைட்ரோஃபுரான்டாயின் வில்லையைச் சுற்றி மட்டும் நல்ல வட்டம் இருந்தது. டாக்டர் அதையே எழுதினார், எரிச்சல் நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கொத்து அவர் குடலில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம். அதனால் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல், அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.