கடல் ஆராய்ச்சி பெல்லோஷிப்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, பரங்கிப்பேட்டைல எம்எஸ்சி மரைன் பயாலஜி முடிச்சிட்டேன். பெல்லோஷிப்புக்கு சிஎஸ்ஐஆர் நெட் பரீட்சைல எந்த பேப்பர் எழுதறது?

பதில்: தம்பி, எர்த் சயின்ஸ் பேப்பர் பேருல ஓஷன்னு இருக்கும், அத நம்பி போயிடாதீங்க, உள்ள பாறை, வளிமண்டலம், கிரகம்னு வரும். பிளாங்க்டன், மீன்னு படிச்சவங்களுக்கு லைஃப் சயின்ஸ்தான். நீரோட்டம், அலைக்கணக்குன்னு போட்டவங்க எர்த் எழுதட்டும்.

கேள்வி: மாசம் எவ்ளோ வரும்?

பதில்: 2023 ஜனவரில இருந்து ஜேஆர்எஃப், அதான் நெட்டுல வாங்கற ஜூனியர் பெல்லோஷிப், மாசம் 37,000 ரூபா. ரெண்டு வருஷம் கழிச்சு ரிவ்யூ தாண்டினா எஸ்ஆர்எஃப், அதான் சீனியர் பெல்லோஷிப், 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

கேள்வி: எனக்கு ஒரு இடத்துல ப்ராஜெக்ட் ஜேஆர்எஃப் கிடைச்சிருக்கு. இனி நெட் வேணாம்ல?

பதில்: இதத்தான் வாய் வலிக்க சொல்றேன். பெல்லோஷிப் உங்க பேர்லயா, ப்ராஜெக்ட் பேர்லயான்னு ஆர்டர்ல பாருங்க. ரெண்டையும் ஜேஆர்எஃப்னுதான் கூப்புடுவாங்க, ஆனா நெட்டுல வாங்கினது உங்களோடயே வரும், இது ப்ராஜெக்ட் மூடினா அன்னிக்கே மூடிடும். நானே பட்டிருக்கேன், மூணாவது வருஷம் ஃபண்ட் நின்னுடுச்சு, ஃபார்மலின்ல போட்ட கோப்பிபாட்ங்கற குட்டிக் கடலுயிர் பாட்டில் நாப்பது கிட்ட எண்ணாம கெடக்கு, மைக்ரோஸ்கோப்புல ஒவ்வொண்ணா எண்ணி முடிக்க அப்புறம் ஏழு மாசம் சம்பளம் இல்லாம உக்காந்தேன். சேருங்க, வேணாங்கல, ஆனா நெட்டையும் விடாம எழுதுங்க.

கேள்வி: நான் வேற ஆளு. அக்கா சும்மா பயமுறுத்தாதீங்க. நான் ப்ராஜெக்ட்லதான் பிஹெச்டி முடிச்சேன், நாலு தடவ கப்பல்லயும் போனேன். சொந்த ஜேஆர்எஃப் வச்சிருந்த என் ஃப்ரெண்டு கரையிலயே உக்காந்திருந்தான்.

பதில்: நியாயம்தான் தம்பி, ஒத்துக்கறேன். ஆராய்ச்சிக் கப்பல் சாகர் நிதியோ சிந்து சாதனாவோ, பெர்த்து, அதான் கப்பல்ல இடம், ப்ராஜெக்டுக்குத்தான் குடுப்பாங்க, தனி ஆளுக்கு இல்ல. ஆனா உங்க ப்ராஜெக்ட் அஞ்சு வருஷம் ஓடுச்சு, எல்லாருக்கும் அப்படி ஓடுமா?

கேள்வி: ஓடலன்னா அடுத்த ப்ராஜெக்ட்ல கைடு போட்டுடுவாரு.

பதில்: போட்டா சந்தோஷம். போடலன்னா? அதுக்குத்தான் சொல்றேன், பெல்லோஷிப் உங்க பேர்ல வாங்குங்க, கப்பல் கைல இருக்கிற கைடுகிட்ட சேருங்க. கோவால இருக்கற கடலியல் நிறுவனம் என்ஐஓவோ, கொச்சில இருக்கற கடல் உயிர்வள மையம் சிஎம்எல்ஆர்இயோ, இன்டர்வியூக்கு முன்னாடியே அவரோட ப்ராஜெக்ட் எந்த வருஷம் முடியுதுன்னு கேட்டுடுங்க. கேட்டா கோவிச்சுக்கற கைடு நமக்கு வேணாம்.

கேள்வி: அதே தான் அக்கா நானும் சொன்னேன்.

பதில்: இல்ல, நீங்க சொன்னது வேற. விடுங்க.

கேள்வி: மேம், ஜேஆர்எஃப் ஸ்டைபண்ட் எவ்வளவு?

பதில்: மேல பாருங்க.

கேள்வி: இங்க பிஹெச்டி பண்ணிக்கிட்டே கொஞ்ச நாள் வெளிநாட்டு லேபுக்கு போக வழி இருக்கா?

பதில்: போகோ, ஸ்கார்னு ரெண்டு சர்வதேச கடல் ஆராய்ச்சி அமைப்பு சேந்து குடுக்கற விசிட்டிங் பெல்லோஷிப் பாருங்கம்மா. வளரும் நாட்டுக்காரங்களுக்குன்னே இருக்கு, ஒண்ணுல இருந்து மூணு மாசம் வேற லேபுல போயி ஒரு முறைய கத்துக்கலாம். சும்மா ஆசையா இருக்குன்னு எழுதாதீங்க, எந்த லேபு, எந்த கருவி, திரும்பி வந்து இங்க யாருக்கு சொல்லித் தருவீங்கன்னு எழுதுங்க.

கேள்வி: மெர்ச்சண்ட் நேவில சேரணும் மேடம்.

பதில்: அது வேற கடை சார்.

கேள்வி: மாசம் 37,000 வருமாமே, உண்மையா?

பதில்: வரும். இனி சம்பளம் கேட்டா பதில் கெடையாது, ஆமா.

கேள்வி: கப்பல்ல வாந்தி வருமோன்னு பயமா இருக்கு அக்கா.

பதில்: வரும். ரெண்டு நாள்ல பழகிடும். வெறும் வயித்தோட இருக்காதீங்க, டெக்குல போய் அடிவானத்தப் பாத்துட்டு நில்லுங்க, மைக்ரோஸ்கோப்ப மட்டும் மொத நாள் தொடாதீங்க.