ஒயின் அறைக்குக் குளிரூட்டி: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

வீட்டில் ஒயின் அறை கட்டப் போகிறவர்களும், கட்டி முடித்துவிட்டு முழிக்கிறவர்களுமாக நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். குளிர்பதன வேலை என் தொழில். எந்த ஒயின் வாங்கலாம், எத்தனை வருடம் வைக்கலாம் என்பதெல்லாம் என் துறை இல்லை என்பதால் அந்தக் கேள்விகளை எடுக்கவில்லை. ஒன்றையே பலர் கேட்டிருந்தால் தெளிவாகக் கேட்டவருடையதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், சின்ன அறை ஒன்று சும்மா கிடக்கிறது. சாதாரண ஸ்பிளிட் ஏசியை மாட்டி 16-ல் ஓடவிட்டால் போதாதா? ஒயினுக்கென்று தனி மெஷின் விற்பது வியாபாரத் தந்திரம் மாதிரித் தெரிகிறதே?

பதில்: சில மாதங்களுக்குள் குடித்துத் தீர்க்கப் போகிற பாட்டில்கள் என்றால் ஏசியே போதும். நிலையான 16 டிகிரியில் ஒயினுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

பல வருடம் வைக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அதற்கு 12 முதல் 14 டிகிரி வேண்டும். பெரும்பாலோர் 13-ல் நிறுத்துவார்கள். ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏசி மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுப்பதும் அதன் வேலைதான், அதனால் அதன் ‘காயில்’, அதாவது உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருள், அறைக் காற்றைவிட மிகவும் குளிராக இருக்கும். அறை வறண்டால் கார்க்கும் மெல்ல மெல்ல வறண்டு சுருங்கும், பாட்டிலுக்குள் காற்று போகும். ஒயின் மெஷினில் காயில் பெரிது, அறைக்கும் காயிலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைவு; ஈரத்தை அதிகம் இழுக்காமல் குளிரைக் கொடுக்கும். வித்தியாசம் இதுதான், தந்திரம் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஏசியின் சென்சாரை ஏமாற்றி 16-க்குக் கீழே ஓடவைக்கும் கன்ட்ரோலர் கிடைக்கிறதே அண்ணா, அதைப் போட்டால்?

பதில்: ஓடும். காய்கறிக் குளிரறைக்கு அது நல்ல வழி. ஒயினுக்கு, மேலே சொன்ன வறட்சி அப்படியே இருக்கும். காயிலில் ஐஸ் கட்டாமல் அந்த கன்ட்ரோலர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தவறினால் காற்றோட்டம் அடைபட்டு கம்ப்ரஸருக்குச் சிக்கல். ஏசியின் வாரன்டியும் கேள்விக்குறிதான். நான் போட மாட்டேன்.

கேள்வி: என் அறை 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். எத்தனை டன் வாங்க வேண்டும்? கடைக்காரர் கன அளவைக் கேட்டுவிட்டு உடனே ஒரு மாடலைச் சொன்னார்.

பதில்: கன அளவை மட்டும் வைத்து மாடல் சொல்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். அறையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்பதுதான் கணக்கு.

உங்கள் அறையின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து சுமார் 32 சதுர மீட்டர். வெளியே 32 டிகிரி, உள்ளே 13 என்றால் வித்தியாசம் 19. இன்சுலேஷன் இல்லாத செங்கல் சுவரில் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 2 வாட் உள்ளே வரும். பெருக்கிப் பாருங்கள்: 1,200 வாட். அதே அறைக்கு எல்லாப் பக்கமும் 75 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம் கொடுத்தால் அந்த 2 என்பது ஏறக்குறைய 0.3 ஆகிவிடும். அப்போது 180 வாட். இரட்டைக் கண்ணாடிக் கதவுக்கு ஒரு 100 வாட், விளக்கு, கதவு திறப்பது, சின்னச் சின்னக் கசிவு என்று 70 வாட். மொத்தம் 350. அதற்கு மேல் கால்பங்கு கூட்டி 440 வாட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் என்பது 3,517 வாட். ஆக உங்களுக்குத் தேவை எட்டில் ஒரு பங்கு டன், அதாவது மணிக்கு சுமார் 1,500 பி.டி.யூ.

அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் மெஷினைக் கடைசியாக வாங்குங்கள் என்கிறேன். ஃபோமுக்குச் செலவு செய்தால் மெஷின் பாதிக்கும் கீழே சின்னதாகிவிடும், கரண்ட் பில்லும் கூடவே இறங்கும்.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு மடங்கு பெரியதாக வாங்கிவிடாதீர்கள். பெரிய மெஷின் ஐந்து நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். கம்ப்ரஸர் அதிகம் தேய்வது ஸ்டார்ட் ஆகும் நேரத்தில்தான். ஈரப்பதமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: சுவரில் ஓட்டை போட்டுப் பொருத்தும் ஒற்றை மெஷின் வாங்கினேன். பின்பக்கம் படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஸ்டோர் ரூமில் இருக்கிறது. ராத்திரி சரியாக இருக்கிறது, மத்தியானம் 19-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மெஷின் பழுதா?

பதில்: மெஷின்மேல் தப்பில்லை, ஸ்டோர் ரூம்தான் காரணம். அறையிலிருந்து எடுத்த வெப்பம், தான் செலவழித்த மின்சாரம் இரண்டையும் அது பின்பக்கம்தான் கொட்டும். கதவு மூடிய சின்ன இடத்தில் கொட்டினால் அந்த வெந்த காற்றையே திரும்ப இழுக்கும்.

இந்த வகை மெஷின்கள், பின்பக்கம் என்ன வெப்பம் இருக்கிறதோ அதைவிட 15 முதல் 17 டிகிரி வரைதான் கீழே இறக்கும். ஸ்டோர் ரூம் 35 டிகிரி என்றால் 19-ல் நிற்பது அதன் எல்லை. ஒரு தெர்மாமீட்டரை அந்த ஸ்டோர் ரூமில் ஒரு முழு நாள் வைத்துப் பாருங்கள். கதவில் மேலும் கீழும் கிரில் போட்டு, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால், வெப்பத்தைக் கொட்டும் பகுதியான கண்டென்ஸர் வெளியே இருக்கும் ஸ்பிளிட் வகைக்கு மாற வேண்டியதுதான்.

கேள்வி: எட்டு மாதம் முன்னால் அறையைக் கட்டினோம். நன்றாகத்தான் குளிர்கிறது. ஆனால் உள்பக்க போர்டில் கறுப்பாகப் பூஞ்சை, சுவருக்குப் பக்கத்தில் ஒரு ஈர நாற்றம். கிளாஸ் வூல் இன்சுலேஷன் போட்டோம், பாலிதீன் ஷீட் எதுவும் போடவில்லை. என்ன செய்வது?

பதில்: ஷீட் போடாததுதான் காரணம். வெளிக் காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீது பட்டாலும் தண்ணீராக மாறும். உங்கள் அறை 13. நீராவி சுவருக்குள் மெதுவாக ஊடுருவி, கிளாஸ் வூலின் நடுவில் எங்கோ அந்த 26-ஐத் தொட்டு அங்கேயே தண்ணீராகிறது. நனைந்த கிளாஸ் வூலுக்கு இன்சுலேஷன் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். அப்புறம் மெஷின் கூடுதலாக ஓடும், சுவர் இன்னும் நனையும்.

போர்டை மட்டும் துடைத்து பெயின்ட் அடித்தால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். போர்டையும் நனைந்த கிளாஸ் வூலையும் எடுத்துவிடுங்கள், சுவரை நன்றாகக் காயவிடுங்கள். அதன்பின் இரண்டு வழி. ஒன்று, சுவரை ஒட்டி 0.15 மி.மீ. பாலிதீன் ஷீட், அதன்மேல் இன்சுலேஷன், அதன்மேல் ஈரம் தாங்கும் போர்டு. ஷீட் எப்போதும் வெப்பமான பக்கத்தில், அதாவது இன்சுலேஷனுக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஷீட் போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். இரண்டாவது வழி, மூடிய செல் (ஒன்றுக்கொன்று திறப்பில்லாத நுண்குமிழிகள்) கொண்ட ஸ்பிரே ஃபோம். தேவையான கனத்தில் அடித்தால் இன்சுலேஷனும் நீராவித் தடுப்பும் அதுவே. கட்டி முடித்த அறைகளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஷீட்டில் மூலைகளையும் ஒயர் போகும் இடங்களையும் டேப் போட்டு முழுசாக அடைக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. கூரையை மறந்துவிடாதீர்கள். சுவருக்குப் போட்டதைவிட ஒன்றரை மடங்கு கனம் அங்கே வேண்டும்.

கேள்வி: முழுக் கண்ணாடிச் சுவர் வைக்க வீட்டம்மாவுக்கு ஆசை. வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், அழகாகத்தான் இருக்கும். 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக 220 வாட் உள்ளே வரும். நன்றாக இன்சுலேட் செய்த மொத்த அறைக்கும் வருவதே 180 என்று மேலே பார்த்தோம். இரட்டைக் கண்ணாடி போட்டால் பாதியாகும். கண்ணாடிச் சுவரை முடிவு செய்த பிறகு மெஷினின் அளவைக் கணக்கிடுங்கள், முன்னால் வேண்டாம். கதவின் நான்கு பக்கமும் ரப்பர் பீடிங், அடியில் சீல், இரண்டும் இருக்கட்டும். விளக்கை உள்ளே போட்டுவிட்டு, இரவில் வெளியே நின்று எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பாருங்கள். வெளிச்சம் வரும் வழியில் காற்றும் வரும்.

கேள்வி: ஸ்பிளிட் வகை மாட்ட ஆள் வருகிறார். வீட்டு ஏசி மாட்டிப் பழகியவர்தான். நான் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குழாய் இணைப்பு முடிந்ததும் நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்க்கிறாரா, அடுத்து வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வேக்யூமை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் அளவு ஏறாமல் நிற்கிறதா என்று கேஜில் காட்டுகிறாரா, இதைப் பாருங்கள். ‘கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிவிடலாம் சார்’ என்று சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். குழாயில் தங்கும் ஈரமும் காற்றும் கம்ப்ரஸரின் ஆயுளைத் தின்னும். ஆர்-290 போன்ற எரியும் கேஸ் உள்ள மெஷின் என்றால் அதற்குப் பயிற்சி பெற்றவரைத்தான் தொடவிட வேண்டும்.

குளிர்ந்த குழாய்க்கு 13 மி.மீ. உறையாவது வேண்டும், ஈரமான இடத்தில் 19 மி.மீ. நல்லது. சுவரில் குழாய் நுழையும் ஓட்டையை ஃபோமால் அடைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் தடவை பார்த்தாலும் இதைத்தான் மறப்பார்கள். மெஷினுக்குத் தனி மின் இணைப்பு கொடுங்கள், எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். உறைபனி விழும் ஊரில் கண்டென்ஸர் வெளியே நிற்கப் போகிறது என்றால், குளிர்காலத்துக்கான பிரஷர் கட்டுப்பாடும் கம்ப்ரஸர் ஹீட்டரும் உள்ள மாடலா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: இன்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது? தரைக்குப் பக்கத்தில் மாட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

பதில்: மேலே. வெப்பக் காற்று கூரையில்தான் தேங்கும், அங்கேதான் அதை இழுக்க வேண்டும். கூரையிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும், காற்று வரும் வழியில் ரேக் நிற்க வேண்டாம்.

கேள்வி: டிரெயின் பைப் அவசியமா? மெஷின் ஈரத்தை அதிகம் எடுக்காது என்றுதானே சொன்னீர்கள்?

பதில்: குறைவாக எடுக்கும் என்றேன், எடுக்கவே எடுக்காது என்று சொல்லவில்லை. முதல் சில நாளில் நன்றாகவே வடியும். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு, ஒரு ட்ராப் (தண்ணீர் தேங்கி நின்று காற்றைத் தடுக்கும் வளைவு). வறண்ட காலத்தில் ட்ராப்பில் தண்ணீர் வற்றினால் அதன் வழியாக வெளிக்காற்று வரும், எப்போதாவது ஒரு டம்ளர் ஊற்றுங்கள். சரிவு கிடைக்காத இடத்தில் வடியும் தண்ணீரை வெளியே தள்ளும் கண்டென்ஸேட் பம்ப் வைக்கலாம்.

கேள்வி: மீட்டரில் ஈரப்பதம் 42 காட்டுகிறது. வாளியில் தண்ணீர் வைத்தேன், ஏறவில்லை.

பதில்: முதலில் மீட்டரைச் சோதியுங்கள். ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறு மாதிரி நனைத்து, மீட்டரோடு ஒரு காற்றுப் புகாத பைக்குள் வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 67 காட்டினால் உங்கள் மீட்டர் 8 குறைத்துச் சொல்கிறது, அப்படியானால் உங்கள் அறை உண்மையில் 50-ல் இருக்கிறது, கவலையை விடுங்கள். மீட்டர் சரி என்றால் சின்ன ஹ்யூமிடிஃபையர் வாங்குங்கள். வாளித் தண்ணீர் 13 டிகிரியில் ஆவியாக ரொம்ப நேரம் எடுக்கும்.

கேள்வி: பூமிக்கு அடியில் அறை இருந்தால் மெஷினே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம், அந்த ஊரின் வருடச் சராசரிக்குப் பக்கத்தில் நிற்கும். சராசரி 11, 12 உள்ள ஊர்களில் அந்தப் பேச்சு சரி. சராசரி 27 என்றால் நிலவறையும் 27 தான்.

கேள்வி: 500 பாட்டிலை அடுக்கி மெஷினைப் போட்டு ஒரு நாள் ஆகிறது. இன்னும் 22-ல் நிற்கிறது. இன்னொன்று, மணிக்கணக்கில் கரண்ட் போனால் என்ன ஆகும்?

பதில்: இரண்டுக்கும் ஒரே பதில். ஒரு பாட்டிலை ஒரு டிகிரி குளிர்விக்க சுமார் 3.5 கிலோஜூல் வேண்டும். 500 பாட்டிலை 30-லிருந்து 13-க்கு இறக்க எட்டு யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். சின்ன மெஷினுக்கு அது இரண்டு மூன்று நாள் வேலை, நடுவில் செட்டிங்கைத் தொடாதீர்கள். கரண்ட் போனால் அதே பாட்டில்கள் உங்களைக் காப்பாற்றும்: நல்ல இன்சுலேஷன் உள்ள அறையில் ஒயின் மணிக்கு அரை டிகிரி அளவில்தான் ஏறும். கதவைத் திறக்காமல் இருங்கள். கரண்ட் வந்ததும் மெஷின் உடனே ஓடாமல் மூன்று நிமிடம் தாமதிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அப்படி ஒரு ரிலே போடுங்கள்.

கேள்வி: என்னிடம் 60 பாட்டில்தான். இவ்வளவும் தேவையா?

பதில்: வேண்டாம். கம்ப்ரஸர் உள்ள ஒயின் அலமாரி ஒன்று வாங்குங்கள். கம்ப்ரஸர் இல்லாமல் மின்சாரத் தகட்டால் குளிர்விக்கும் பெல்டியர் வகை சத்தமில்லாமல் இருக்கும், ஆனால் வெப்பமான அறையில் 13-க்கு இறங்காது.

கேள்வி: சர்வீஸ்காரர் வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறார். சரியா அண்ணா?

பதில்: மூடிய குழாயில் சுற்றும் கேஸ் செலவாகாது. குறைந்திருந்தால் கசிகிறது, கசியும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு நிரப்பட்டும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டென்ஸரில் படிந்த தூசியைத் தட்டி எடுப்பது, டிரெயின் தட்டைக் கழுவுவது. அதற்கு ஒரு பழைய பிரஷ் போதும்.