கணினிக் கேள்வி பதில்: ஓடு பதித்தாற்போல் ஒரு திரை

கேள்வி: மொழிபெயர்ப்பு என் தொழில். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பக்கம்பக்கமாக அடுக்கித் தரும் ஐ3 சாளர மேலாளரைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். ஒருவர் இணையத்தில் பகிர்ந்திருந்த அழகான கான்ஃபிக் கோப்பை (அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பு) அப்படியே எடுத்து வைத்தேன். பாதிக் குறுக்குவிசைகள் வேலை செய்யவில்லை; பிழைச்செய்தியும் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: கோப்பில் எழுத்துப்பிழையோ தெரியாத கட்டளையோ இருந்திருந்தால், ஐ3 அதைப் படிக்கும்போதே திரையின் மேல்விளிம்பில் ஒரு சிவப்புப் பட்டையைக் காட்டியிருக்கும். அது வரவில்லை என்பதே கோளாறு எங்கே என்பதைச் சொல்லிவிடுகிறது. இப்படிப் பகிரப்படும் கோப்புகளில், செயலிகளைத் தேடித் திறக்க ரோஃபி, தகவல் பட்டைக்குப் பாலிபார், நிழலுக்கும் ஒளிபுகும் தோற்றத்துக்கும் பிகாம் என வெளிநிரல்களை அழைக்கும் வரிகள் நிறைந்திருக்கும். அவற்றை நிறுவாத கணினியில், விசையை அழுத்தியதும் அந்த வரி இல்லாத நிரலைத் தேடிவிட்டுச் சத்தமில்லாமல் ஓய்ந்துவிடும்.

அந்தக் கோப்பை வேறு பெயரிட்டு ஒதுக்கிவையுங்கள். உங்கள் அடைவில் கோப்பே இல்லாத நிலையில் மீண்டும் உள்நுழைந்தால், புதிதாக ஒன்றை எழுதித் தரட்டுமா என்றும், குறுக்குவிசைகளில் மற்ற எழுத்துகளுடன் சேர்த்து அழுத்தும் மாட் விசையாக விண்டோஸ் விசையா ஆல்ட் விசையா என்றும் ஐ3 கேட்கும். விண்டோஸ் விசையைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட் விசையைப் பல செயலிகள் தங்கள் பட்டிகளைத் திறக்க வைத்திருப்பதால் பின்னால் தொல்லை வரும்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். டிடபிள்யூஎம், எக்ஸ்மொனாட் போன்ற வேறு சாளர மேலாளர்கள் முதன்மைச் சாளரத்துக்கு ஒரு பக்கம், மற்றவற்றுக்கு மறுபக்கம் எனத் தாமே இடம் பிரித்துவிடும். மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் 2009இல் தொடங்கிய ஐ3, அடுத்த சாளரம் எங்கே வர வேண்டும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறது. (அடுக்குச் சாளரம் புதுமையும் அல்ல, 1985இல் வந்த முதல் விண்டோஸே சாளரங்களை இப்படித்தான் பக்கம்பக்கமாக வைத்தது.) மூலநூலின் பிடிஎஃப் கோப்பை முதலில் திறந்து, அடுத்து எழுதும் செயலியைத் திறந்தால் அது வலப்பக்கம் வந்து அமரும். அதில் இருந்தபடியே மாட் விசையுடன் வி எழுத்தை அழுத்திவிட்டு அகராதியைத் திறந்தால், அகராதி எழுதும் இடத்துக்குக் கீழே வரும். வி எழுத்துக்குப் பதில் எச் அழுத்தியிருந்தால் அது பக்கத்தில் வந்து, மூன்று குறுகிய பத்திகளாகத் திரை பிளந்திருக்கும்.

அகராதிக்குப் பாதி இடம் அதிகம் என்று தோன்றினால், மாட் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தி அளவு மாற்றும் நிலைக்குச் செல்லலாம். அங்கே ஒவ்வோர் அழுத்தத்துக்கும் சாளரம் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் நகரும். சிறிய மடிக்கணினித் திரையில் இது பெரிய தாவல். கோப்பில் அந்த வரிகளில் இருக்கும் 10 என்ற எண்களை 3 ஆக்குங்கள். உங்களுடைய முதல் திருத்தம் இதுவாகவே இருக்கட்டும் என்பேன், ஏனெனில் பலனை உடனே கையால் உணரலாம். திருத்திய பின் மாட், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கோப்பு மீண்டும் படிக்கப்படும். திறந்திருக்கும் வேலை எதுவும் கலையாது.

அடுத்து, பிடிஎஃப் வாசிப்பான் எப்போதும் இரண்டாம் பணிவெளியில்தான் (பணிவெளி என்பது சாளரங்களைப் பிரித்துவைக்கும் மெய்நிகர்த் திரை) திறக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடுகளுக்கு அசைன் என்ற கட்டளை இருக்கிறது. அதற்குச் செயலியின் வகைப்பெயர் தேவை. முனையத்தில் எக்ஸ்பிராப் கட்டளையை இயக்கி, உரிய சாளரத்தின்மேல் சொடுக்கினால் வகைப்பெயர் வரியில் இரண்டு சொற்கள் கிடைக்கும். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. முதலாவதை எழுதிவிட்டு விதி வேலை செய்யவில்லை என்று அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. ஒதுக்கிவைத்த கோப்பிலிருந்தும் வேண்டியதை எடுக்கலாம். ஆனால் ஒரு வரி எடுத்து, அது அழைக்கும் நிரலை நிறுவி, இயக்கிப் பார்த்த பிறகே அடுத்த வரி.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்வதற்காக விசைப்பலகையை மாற்றினால் ஐ3 குறுக்குவிசைகள் இயங்காமல் போகின்றன. பட்டையில் பணிவெளிக்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் கட்டங்கட்டமாகத் தெரிகிறது.
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஐ3 தன் குறுக்குவிசைகளை, இயல்பாக, முதல் விசைப்பலகை அமைப்பை வைத்துத்தான் கணக்கிடுகிறது. எனவே ஆங்கிலத்தை முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் ஒரே கட்டளையில் சேர்த்து அமையுங்கள். தமிழ் இயங்கும்போதும் குறுக்குவிசைகள் வேலை செய்யும். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தை நீக்கிவிட்டுத் தமிழை மட்டும் ஏற்றுவதால்தான் உங்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்கும்.

ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துவோர்க்கு வேறொரு தடை உண்டு. மொழியை மாற்ற ஐபஸ் இயல்பாக எடுத்துக்கொள்வது விண்டோஸ் விசையும் இடவெளி விசையும். ஐ3யில் மாட் விசை அதுவானால், அதே இணை மிதக்கும் சாளரத்துக்கும் அடுக்குச் சாளரத்துக்கும் இடையே தாவுவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். ஐபஸ் தானாகத் தொடங்க, அதன் இயக்கக் கட்டளையையும் எக்ஸெக் வரியாகக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

பட்டையின் சிக்கல் எளிது. எழுத்துரு வரியில் பாங்கோ என்ற முன்னொட்டுடன் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துரு ஒன்றைக் குறிப்பிடுங்கள். பெயரின் தொடக்கத்தில் பணிவெளியின் எண்ணை விட்டுவிடாதீர்கள். வரிசை அதைப் பார்த்தே அமைகிறது.

கேள்வி: ஐ3யிலேயே இருப்பதா, ஸ்வேக்கு மாறுவதா? சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விட ஐ3-கேப்ஸ் தேவையா?
– வாசகர், ஈரோடு

பதில்: 2023 ஜனவரியில் வந்த 4.22 பதிப்பு முதல் இடைவெளி வசதி ஐ3க்குள்ளேயே சேர்ந்துவிட்டது; தனி நிரல் வேண்டியதில்லை. ஸ்வே என்பது, லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய அமைப்பான வேலேண்டுக்காக எழுதப்பட்ட சாளர மேலாளர். ஐ3 கோப்பைப் பெரும்பாலும் அப்படியே படித்துக்கொள்ளும். விசைப்பலகை அமைப்பை மட்டும் அதன் கோப்பிலேயே இன்புட் பகுதியில் எழுத வேண்டும். இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் மாறுவதற்கு அவசரமில்லை. வெவ்வேறு பிக்சல் அடர்த்தி கொண்ட இரண்டு திரைகளை இணைத்திருப்பவர் என்றால், ஸ்வேயை முயன்று பாருங்கள். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி உருப்பெருக்க அளவு வைக்க அதில் முடியும்.