பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்கவும் சுடவும் ஆசை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அவற்றை இன்றும் சுடலாமா?

சுடலாம். ஆனால் சேகரிப்புக்கு ஒன்று, சுடுவதற்கு வேறொன்று என்று பிரித்து வாங்குங்கள். (உரிமம் உங்கள் நாட்டுச் சட்டப்படி, அது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.)

ஜெர்மன் ராணுவம் 1908-இல் ஏற்ற லூகர் பி08-ஐ எடுத்துக்கொள்வோம். துப்பாக்கியின் உடற்சட்டகத்தில் முழு சீரியல் எண் இருக்கும். ட்ரிக்கர், பக்கத் தகடு, கழற்றும் நெம்பு போன்ற சிறு பாகங்களில் அதன் கடைசி இரண்டு இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள். எல்லாம் ஒத்துப்போனால் விலை எகிறும். அப்படிப்பட்ட துப்பாக்கியில் எக்ஸ்ட்ராக்டர் (தோட்டா அறையிலிருந்து வெற்றுக்கூட்டை இழுக்கும் கொக்கி) உடைந்தால், மாற்றுப் பாகம் போட்டு ஓட வைக்கலாம். போன மதிப்பு திரும்பாது. சுடுவதற்கு எண் ஒத்துப்போகாத, ஆனால் குழல் நன்றாக உள்ள ஒன்றைத் தேடுங்கள். பலர் ஒதுக்கும் சரக்கு என்பதால் மலிவாகவும் கிடைக்கும்.

மறுபூச்சு செய்யப்பட்டதா என்பதைப் பொறித்த எழுத்துகள் காட்டிக்கொடுக்கும். பாலிஷ் போட்டிருந்தால் முத்திரைகளின் விளிம்பு மழுங்கி, துளைகளின் வாய் குழிந்திருக்கும். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சிறு துருக்குழிகள் இருந்தாலும் சுடலாம். சுற்றிலும் வளையமாக ஒரு கருநிழல் தெரிந்தால், முன்பு குண்டு சிக்கி, அடுத்த குண்டு குழலை உப்ப வைத்திருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு ஜெர்மன் ராணுவப் பிஸ்டலான வால்தர் பி38-இல் பாதுகாப்பு நெம்பைக் கீழே தள்ளினால் சுத்தியல் விழும். அப்போது தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசி பூட்டியிருக்க வேண்டும். போர்க்காலத் துப்பாக்கிகளில் இந்தப் பூட்டு தேய்ந்திருக்கலாம். மேகசினைக் கழற்றி, அறை காலி என்று உறுதிசெய்த பின், சுத்தியலைப் பின்னிழுத்து வைத்து, குழலின் வாயை மேல்நோக்கிப் பிடித்து ஒரு பென்சிலை ரப்பர் முனை உள்ளே போகும்படி குழலுக்குள் போட்டு நெம்பைத் தள்ளுங்கள். பென்சில் துள்ளினால் பூட்டு வேலை செய்யவில்லை. துள்ளாவிட்டாலும், தோட்டா அறையில் இருக்கும்போது இந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

தோட்டாத் தேர்வில் தவறினாலும் விபத்துதான். 7.62×25 டோகரேவ் தோட்டா, 7.63 மவுசர் தோட்டாவுக்காகச் செய்த மவுசர் சி96 பிஸ்டலின் அறைக்குள் அழகாகப் போய் உட்காரும். ஆனால் டோகரேவின் பல வகைகளின் அழுத்தம் 7.63 மவுசரைவிட அதிகம். தேய்ந்த போல்ட் ஸ்டாப் (பின்னோக்கி ஓடும் போல்ட்டைத் தடுக்கும் துண்டு) உடைந்தால் போல்ட் சுடுபவர் முகத்தை நோக்கி வரும். .45 ஏசிபி தோட்டா போடுவதற்காக உருளையைச் சீவிய வெப்லி மார்க் 6 ரிவால்வர்களிலும் இதே கதை: .455 தோட்டாவின் குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது அது, ஆலையில் செய்த .45 ஏசிபி தோட்டா அதற்கு அதிகம். எந்தப் பழைய 9 மி.மீ. பிஸ்டலிலும் +பி (கூடுதல் அழுத்தத் தோட்டா) வேண்டாம். அதேசமயம் லூகருக்கு மிக வலுக்குறைந்த தோட்டாவும் ஆகாது. டாகிள் (மேல்நோக்கி மடங்கித் திறக்கும் மூட்டு) முழுதாகத் திறக்காமல் வெற்றுக்கூடு சிக்கும். 115 அல்லது 124 கிரெய்ன் எடையுள்ள குண்டு, சாதாரண அழுத்தம் போதும். அப்படியும் சிக்கினால் முதலில் மேகசின் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள்.

சுடுவதற்கு முன் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள். .45 எம்1911-க்கு 16 பவுண்டு. முதல் நாள் மேகசினில் ஒரே ஒரு தோட்டா, பிறகு இரண்டு. சியர் (ட்ரிக்கரை இழுக்கும்வரை சுத்தியலைப் பிடித்து வைக்கும் கொக்கி) தேய்ந்திருந்தால் ஒரே இழுப்பில் இரண்டும் வெடிக்கும். முழு மேகசின் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வெற்றுக்கூடு உப்பியிருந்தாலோ பிரைமர் (தோட்டாவின் பின்புறத்தில் முதலில் வெடிக்கும் பொட்டு) துளைபட்டிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் குழலை அரிக்கும் பிரைமர் இருக்கும். அதிலுள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஒரே இரவில்கூடத் துருவைக் கிளப்பும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் வேண்டும் என்பார்கள். அதில் வேலை செய்வதும் தண்ணீர்தான். கைப்பிடித் தகடுகளைக் கழற்றிவிட்டு, குழல், போல்ட் முகம், ஊசித்துளை ஆகியவற்றை அன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் இடுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் குழலுக்குள் செலுத்திப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடியும் வெந்நீர்.