பினக்கிள்ஸ் பாறைத் தூண்கள்: படம் தட்டையாவது ஏன்?

கேள்வி: சென்ற ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பினக்கிள்ஸ் பாலைவனத்தின் சுண்ணாம்புக்கல் தூண்களை மதியம் ஒரு மணியளவில் படமெடுத்தேன். நேரில் மலைக்க வைத்த இடம், படத்தில் மணலில் நட்ட கட்டைகளைப் போலத் தெரிகிறது. வரும் ஜூலையில் மீண்டும் போகிறேன். எந்த நேரத்தில், எந்தத் திசை நோக்கி நின்று, கேமராவை எப்படி அமைத்து எடுக்க வேண்டும்?

பதில்: கோளாறு உங்கள் கேமராவில் இல்லை, நீங்கள் போன நேரத்தில் இருக்கிறது. ஜனவரி நடுப்பகலில் அங்கே சூரியன் ஏறக்குறைய 80 பாகை உயரத்தில், உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். தூணின் நிழல் முழுவதும் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடுவதாலும், நாற்புறமும் உள்ள மஞ்சள் மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே வீசுவதாலும், பாறையின் குழிவும் மேடும் ஒரே நிறமாகக் கரைந்துபோகின்றன. ஜூலையிலோ நண்பகலில்கூடச் சூரியன் ஏறக்குறைய 38 பாகை உயரம்தான் ஏறும். அதுவும் தெற்கில் அல்ல, வடக்கு வானில் நிற்கும். நம் ஊர்க் குளிர்கால வெயிலுக்குப் பழகியவர்கள் இந்தத் திசை மாற்றத்தை மறந்துவிட்டுத் தடுமாறுவதுண்டு.

ஆயினும் நீங்கள் காத்திருக்க வேண்டியது மாலைக்குத்தான். சூரியன் மறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது அதன் உயரம் ஏறத்தாழ 10 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது 3 மீட்டர் உயரத் தூண் ஒன்றின் நிழல் 17 மீட்டர் வரை நீளும். இந்த நிழல்தான் தூண்களுக்கு இடையே உள்ள தொலைவையும் மணலின் ஏற்ற இறக்கத்தையும் படத்தில் வரைந்து காட்டுகிறது. பாறையைவிட நிழலையே முதலில் பார்த்துச் சட்டகத்தை அமையுங்கள் என்பேன். ஜூலையில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 25 பாகை அளவு வடக்கே தள்ளி மறைவதால், தெற்கு அல்லது தென்தென்மேற்கு நோக்கி நின்றால் வலப்பக்கத்திலிருந்து பக்கவெயில் கிடைக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பதைத் தவிருங்கள். வெளிச்சம் மீண்டும் தட்டையாவதோடு, உங்கள் நிழலும் முக்காலியின் நிழலும் சட்டகத்தின் நடுவே வந்து விழும்.

இனி ஒரே ஒரு தூணின் அருகே சென்று பாருங்கள். கடற்சிப்பிகள் நொறுங்கிய சுண்ணாம்பு மணல் உள்நாட்டுக்கு வீசப்பட்டு மணல்மேடாகி, மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அந்த மணலை இறுக்கியதால் உருவான கல் அது. தூண்களாகப் பிரிந்த விதம் பற்றி அறிஞர்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன; சுற்றியிருந்த தளர்ந்த மணலைக் காற்று அள்ளிச் சென்ற பிறகே அவை வெளிப்பட்டன என்பதில் ஐயமில்லை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் பக்கவெயிலில் தனித்தனியே எழுந்து நிற்கும். வெயில் படாத பக்கத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள்: நடுப்பகலில் படத்தைக் கெடுத்த அதே மணல் வெளிச்சம், மாலையில் அந்த நிழற்பக்கத்தின் மீது மெல்லிய பொன்னிறமாகப் படிகிறது. எனக்கு இந்த இடத்தில் மிகப் பிடித்த காட்சி அதுவே. தூணைத் தொடாமல், அதன்மேல் ஏறாமல் எடுங்கள்.

கேமரா அமைப்பு எளிது. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 8 முதல் எஃப் 11 வரை, முக்காலி, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலப்படம்). துளையைச் சுருக்கி எஃப் 22 வரை போனால் அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் கூர்மை குறையும். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விடாமல் ‘பகல் வெளிச்சம்’ என்ற தேர்வில் நிறுத்துங்கள். இல்லையேல் நீங்கள் தேடி வந்த பொன்னிறத்தையே கேமரா தவறென்று எண்ணித் திருத்திவிடும். அகன்ற கோண லென்ஸில் போலரைசர் (வானத்தின் நிறத்தை அடர்த்தியாக்கும் வடிகட்டி) வேண்டாம், வானத்தில் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகிவிடும். தூணின் உயரம் படத்தில் விளங்க, மகளைச் சற்றுத் தொலைவில் ஒரு தூணின் அருகே நிற்கச் சொல்லலாம்.

எடுக்கப்போகும் மணலில் முன்னதாக நடந்து காலடி பதித்துவிடாதீர்கள். ஜூலை அங்கே மழைக்காலம் என்பதால், மழை விட்ட மாலையில் பழைய தடங்கள் மங்கி, மணல் சுத்தமாக இருக்கும். மேகமூட்டத்தைப் பார்த்துப் பயணத்தைக் கைவிட வேண்டாம்.

சூரியன் மறைந்ததும் பலர் வண்டியேறிவிடுகிறார்கள். நீங்கள் கிழக்கே திரும்பி நில்லுங்கள். அடிவானத்தில் பூமியின் நிழல் நீலச் சாம்பல் பட்டையாக எழும்ப, அதற்கு மேல் இளஞ்சிவப்புப் படரும்; அந்த ஒளியில் தூண்களுக்கு நிழலே இராது, வடிவம் மட்டும் நிற்கும். அப்போது ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் முக்காலி இல்லாமல் முடியாது. நிலவில்லாத இரவாக அமைந்தால், நள்ளிரவுக்கு முன் பால்வீதியின் மையம் ஏறக்குறைய நேர் மேலே வரும். அதுவரை நிற்பதாக இருந்தால், 200 கிலோமீட்டர் ஓட்டிப் பெர்த்துக்குத் திரும்பாமல் அருகிலுள்ள செர்வான்டிஸ் ஊரில் தங்கிவிடுங்கள். இருட்டியபின் அந்தச் சாலையில் கங்காருக்கள் குறுக்கே பாயும்.