வாங்கிய நிறுவனம், வராத பாதுகாப்பு

கேள்வி: மருத்துவத் துறையில் பெரிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களை வாங்கி இணைத்துக்கொண்டே போகின்றன. அவற்றிடம் பணமும் வல்லுநர்களும் இருக்கும்போது நோயாளிகளின் தகவலுக்குப் பாதுகாப்பு கூடத்தானே வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: கூட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்துக்கு நேர்ந்தது வேறு. மருத்துவமனைகள், மருந்துக்கடைகள், காப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்கிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கோடி பரிமாற்றங்களைக் கையாண்ட அந்நிறுவனத்தை, மருத்துவக் காப்பீட்டுத் துறையின் பெரும் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் குழுமம் 2022 அக்டோபரில், கடனையும் சேர்த்து ஏறத்தாழ 1,300 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 பிப்ரவரி 12 அன்று, ஊழியர்கள் வெளியிலிருந்து அலுவலகக் கணினிகளை இயக்குவதற்கான நுழைவாயில் ஒன்றின் வழியாக, களவுபோன கடவுச்சொல்லைக் கொண்டு ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. வங்கிகள் நம்மிடம் கேட்கும் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு அங்கே இல்லை. ஒன்பது நாள் கழித்து, கணினிகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற நிரல் ஏவப்பட்டபோது, நாடு முழுவதும் மருந்துச் சீட்டுகளும் காப்பீட்டுக் கோரிக்கைகளும் முடங்கின.

வெளியிலிருந்து அணுகக்கூடிய கணினிகள் அனைத்துக்கும் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்பது வாங்கிய குழுமத்தின் கொள்கையாகவே இருந்தது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துகிறது. வாங்கிப் பதினாறு மாதங்கள் ஆகியும் அந்தக் கொள்கை அந்த நுழைவாயில் இருந்த ஒரு சர்வரை எட்டவில்லை. பழைய நிறுவனம், பழைய தொழில்நுட்பம், மேம்படுத்திக்கொண்டிருந்தோம் என்று குழுமத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ விட்டி 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழுக்களிடம் விளக்கினார். கைமாறுவதற்கு முன்பே அமைக்கப்பட்டிருந்த காப்பு நகல்களும் தாக்குதலில் பூட்டப்பட்டதால், மீள்வதற்கு வாரக்கணக்கில் ஆனது. கும்பல் கேட்ட மீட்புப் பணமாக 2.2 கோடி டாலர் கொடுத்த பிறகும் தரவு வேறொரு கும்பலின் கையில் இருப்பது தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 19 கோடிப் பேர். இத்தனை பேரின் தகவல் ஒரே இடத்தில் குவிந்திருந்ததும் தொழில் இப்படி ஒருங்கிணைந்ததன் விளைவே.

கேள்வி: அப்படியானால் வாங்கும் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்யும் அதே கட்டத்தில், இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் ஒவ்வொரு கணினியையும், விலகிய ஊழியர்களின் பெயரில் இன்னும் உயிரோடிருக்கும் கணக்குகளையும் பட்டியலிட வேண்டும். பட்டியலில் உள்ள குறைகள் சரியாகும்வரை இரு நிறுவனங்களின் வலையமைப்புகளையும் இணைக்கக் கூடாது. காப்பு நகலைத் தனியிடத்தில் வைத்து, அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். இவற்றால் இணைப்பு சில மாதங்கள் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தின் செலவை ஒப்பந்த விலையிலேயே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.